பாட்டியோட வாழ்க்கை குறிப்பு எழுத போறீங்களா, அவங்க வேதத்தையும் மைலோ டின்னையும் மொதல்ல எடுங்க

எங்க சபையில வயசானவங்க யாராச்சும் கர்த்தருக்குள்ள போயிட்டாங்கன்னா ராத்திரியே எனக்கு போன் வந்துடும், "தங்கச்சி, அம்மாவுக்கு வாழ்க்கை குறிப்பு ஒண்ணு எழுதி கொடும்மா, நாளன்னைக்கி அடக்கம்"னு. நானும் எழுதி கொடுத்துடுவேன். ஆனா ஒவ்வொரு தடவையும் மனசு அடிச்சிக்கும், இத அந்தம்மா உயிரோட இருந்தப்பவே பிள்ளைங்க பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கலாமேன்னு. அதனால எனக்கு தெரிஞ்சத இங்க எழுதி வெக்கிறேன். நான் இருக்கறது மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட், எங்க சபைங்கறது கடை வீட்டு மாடி, மொத்தமே எண்பது பேரு. சின்ன பேப்டிஸ்ட் சபை, அதுல பாதி பேரு ரப்பர் தோட்டத்துல இருந்து வந்த குடும்பங்க. உங்க சபை வேற, ஊரு வேறன்னாலும் முக்கால்வாசி பொருந்தும்.

மொதல்ல நான் பண்ண தப்ப சொல்லிடறேன். 2019ல எங்க அப்பாவோட அம்மா தவறுனப்ப குறிப்பு எழுதினது நான்தான். அழுதுக்கிட்டே உக்காந்து, முன்னாடி வேற ஒருத்தர் அடக்கத்துக்கு அடிச்ச புரோகிராம எடுத்து பேர மட்டும் மாத்துனேன். ஜெபிக்கிற தாய், சபையின் தூண், உபசரிக்கிறதுல சிறந்தவங்க, ஆறு பிள்ளைங்க, பதினேழு பேரப்பிள்ளைங்க. ஆராதனை முடிஞ்சி சாப்பாடு கொடுத்துக்கிட்டு இருக்கறப்ப பழைய தோட்டத்துல இருந்து வந்த ஒரு ஆயா என் கைய பிடிச்சி சொன்னாங்க, "எனக்கு காய்ச்சல்ல பால் வத்தி போச்சும்மா, உன் பாட்டிதான் ஆயாக்கொட்டாயில (வேலைக்கு போறவங்க கொழந்தைங்கள விட்டுட்டு போற எடம்) உன் அப்பாவுக்கு ஒரு பக்கம், என் மவனுக்கு ஒரு பக்கம் பால் கொடுத்தாங்க, ரெண்டு மாசம்." எங்க அப்பாவுக்கே அது தெரியாது. அந்த மவனுக்கு இப்ப அறுவது தாண்டிடுச்சி, அன்னைக்கி பெட்டி தூக்குன ஆறு பேருல அவரும் ஒருத்தர், ஏன் அவரு வந்து தூக்குனாருன்னு கூட எங்களுக்கு புரியல. நான் எழுதின குறிப்புல இது இல்ல. அது எனக்கு இன்னும் வலிக்குது.

அதனால நான் முக்கியமா சொல்றது இதுதான், பாட்டி எப்படிப்பட்டவங்கன்னு எழுதாதீங்க, என்ன செஞ்சாங்கன்னு எழுதுங்க. ஜெபிக்கிற தாய்னு எழுதினா எந்த தாய்க்கும் பொருந்தும். நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு (விடியகாலையில தோட்டத்துல பேர் கூப்பிடறதுக்கு) போறதுக்கு முன்னாடி, மண்ணெண்ண வெளக்கு பக்கத்துல முட்டி போட்டு ஆறு பிள்ளைங்க பேரையும் மூத்ததுல இருந்து வரிசையா சொல்லுவாங்க, தவறி போன ஏழாவது பிள்ள பேரையும் கடைசியில சேத்து சொல்லுவாங்கன்னு எழுதினா அது உங்க பாட்டி மட்டும்தான்.

சரி, எங்க இருந்து தொடங்குறது. பாட்டி உயிரோட இருந்தா, "உங்க கதைய சொல்லுங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க, "என் கதையில என்னா இருக்கு, போ போய் சாப்புடு"ன்னு முடிச்சிடுவாங்க. கையில வேல இருக்கறப்ப பக்கத்துல போய் உக்காருங்க. கீர ஆயும்போது, முறுக்கு புழியும்போது, துணி மடிக்கும்போது. போன்ல ரெக்கார்டர போட்டுட்டு "பாட்டி, இத பதிவு பண்றேன், பேரப்பிள்ளைங்க கேக்கட்டும்"னு சொல்லிட்டு வைங்க, தெரியாம மட்டும் பண்ணாதீங்க. மேசை காத்தாடிய நிறுத்திடுங்க, அந்த சத்தம் எல்லாத்தையும் கெடுத்துடும். காலையில பசியாறிட்டு ஒரு ஒம்பது மணிதான் நல்ல நேரம், மத்தியானம் சாப்ட்டா தூக்கம் வந்துடும். அர மணி நேரம் போதும், அதுக்கு மேல இழுக்காதீங்க, மறுநாள் திரும்ப போங்க.

கேள்விய பொருள்ல இருந்து கேளுங்க. எங்க பாட்டி வீட்டுல ஒரு பழைய மைலோ டின் இருந்திச்சி, மூடி துருப்பிடிச்சி, பச்ச பெயிண்ட் பாதி போயிருக்கும். நான் சின்ன பிள்ளையில இருந்து பாத்திருக்கேன், அரிசி டின்னுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அது பிடி அரிசி டின். ஒவ்வொரு வேளையும் உலை வெக்கறப்ப குடும்பத்துக்கு அளந்த அரிசியில இருந்து ஒரு பிடி எடுத்து அதுல போட்டுடுவாங்க, மாசம் முடிஞ்சா சபைக்கு கொண்டு போவாங்க, சபையில அத எடை போட்டு வித்து காணிக்கையில சேப்பாங்க, இல்லன்னா கஷ்டப்படற வீட்டுக்கு அப்படியே போயிடும். தாத்தா சம்பளம் வராத மாசம் கூட அந்த பிடி நிக்கலயாம், பிடி மட்டும் சின்னதாச்சாம். இத எனக்கு சொன்னது எங்க பெரிய அத்தை, டின்ன கையில கொடுத்து "இது என்னா அத்தை"ன்னு கேட்டப்பதான் சொன்னாங்க. சும்மா கேட்டிருந்தா வந்திருக்காது.

அடுத்தது வேதம், அதாவது பைபிள். பாட்டியோட தமிழ் வேதத்த தொறக்கறதுக்கு முன்னாடி மேசையில ஒரு வெள்ள துணி விரிச்சிக்குங்க. உள்ள இருக்கற காகிதத்த எதையும் எடுத்துடாதீங்க, எந்த பக்கத்துல இருக்கோ அப்படியே வெச்சி மொதல்ல போட்டோ எடுங்க, எந்த அதிகாரத்துல இருந்திச்சின்னு தெரியறது ரொம்ப முக்கியம். எங்க பாட்டி வேதத்துல யோபு புஸ்தகத்துக்குள்ள ஒரு பழைய தோட்டத்து சம்பள சீட்டு இருந்திச்சி, அது ஏன் அங்கன்னு யாருக்கும் தெரியல, ஆனா அந்த மாசத்துலதான் தாத்தா மரம் விழுந்து கால் ஒடிஞ்சி படுத்திருந்தாருன்னு சித்தப்பா தேதிய பாத்து கண்டுபிடிச்சாரு. மொத பக்கத்துல பிள்ளைங்க பொறந்த தேதி எழுதியிருப்பாங்க, பேனா மை மாறி மாறி இருக்கும், அதையும் போட்டோ எடுங்க. போட்டோவ வாட்ஸ்அப்ல அனுப்புனா டாக்குமெண்டா அனுப்புங்க, சும்மா அனுப்புனா சுருக்கிடும், எழுத்து படிக்க முடியாது.

தேதி விஷயத்துல கொஞ்சம் பொறுமையா இருக்கணும், இங்கதான் எல்லாரும் சிக்கிக்குவாங்க. ஐசி (அடையாள அட்டை) நம்பர்ல மொத ஆறு எண்ணு பொறந்த வருஷம் மாசம் நாளு, ஆனா தோட்டத்துல பொறந்த பழைய ஆளுங்களுக்கு அது உண்மையான தேதின்னு நம்பிடாதீங்க. பேர் பதியறது தள்ளி போயிருக்கும், தோட்டத்து கணக்கப்பிள்ள, அதான் கிராணி, ஒரு கணக்குக்கு எழுதியிருப்பாரு, எமர்ஜென்சி காலத்துல (கம்யூனிஸ்டுங்கள எதுத்து சண்ட நடந்த அவசரகாலம்) எல்லாரையும் நிக்க வெச்சி ஐசி கொடுத்தப்ப ஒரு வயச சொல்லியிருப்பாங்க. எங்க பாட்டி ஐசியில 1938, அவங்க அக்கா சொன்ன கணக்குல 1936. நான் ரெண்டையும் எழுதுவேன், "ஐசியின்படி 1938, குடும்பத்தார் சொல்படி 1936"ன்னு. கல்லறையில என்ன போடறதுன்னு குடும்பம் உக்காந்து முடிவு பண்ணட்டும், அத நீங்க தனியா முடிவு பண்ணாதீங்க.

வருஷம் ஞாபகம் இல்லன்னா நாட்டுல நடந்தத வெச்சி கேளுங்க, அதுதான் சுலபம். சப்பான்காரன் வந்தது 1941 டிசம்பர், போனது 1945. "சப்பான்காரன் இருந்தப்ப நீங்க நடக்கற பிள்ளையா, தூக்கற பிள்ளையா?" "மரவள்ளிக்கெழங்கு தின்ன ஞாபகம் இருக்கா?" "உங்க அப்பாவ சயாம் ரயிலுக்கு பிடிச்சிட்டு போனாங்களா?" சயாம் ரயில்னா சப்பான்காரன் ஆளுங்கள பிடிச்சிட்டு போய் போட வெச்ச சயாம்-பர்மா ரயில் பாதை. இந்த கடைசி கேள்விய மெதுவா கேளுங்க, நெறைய தோட்டத்துல போனவங்க திரும்பி வரல, எங்க பாட்டியோட அப்பாவும் வரல. அப்பறம் எங்க ஊருக்காரங்களுக்கு பெரிய அடையாளம் 1948 ஜூன் 16, சுங்கை சிப்புட் பக்கத்து தோட்டங்கள்ல மூணு வெள்ளைக்கார தொரைங்கள (தோட்ட அதிகாரிங்கள) கம்யூனிஸ்டுங்க சுட்ட நாளு, அதுல இருந்துதான் எமர்ஜென்சி, 1960 ஜூலை வரைக்கும். "லயத்த (தோட்டத்து வரிசை வீட்ட) சுத்தி முள்ளு கம்பி போட்டப்ப உங்களுக்கு கல்யாணம் ஆயிடுச்சா?"ன்னு கேட்டா டக்குனு பதில் வரும். வேலைக்கு போறப்ப கேட்டுல நிறுத்தி காட்டுல இருக்கற கம்யூனிஸ்டுங்களுக்கு சோத்த எடுத்துட்டு போறாங்களான்னு சோதன போட்டது, எந்த வயசுல மொத தடவ நெர (பால் வெட்ட ஒதுக்கற மரவரிசை) கெடச்சிச்சி, பால் வெட்டற உளி பிடிக்க யாரு கத்து கொடுத்தாங்க, இதெல்லாம் அதோட சேந்து வரும். 1957 மெர்டேக்கா (சுதந்திரம்), 1969 மே இனக்கலவரம், அதே சமயத்துல செவப்பு ஐசிக்காரங்களுக்கு (குடியுரிமை இல்லாதவங்களுக்கு) வேலை பெர்மிட் கேட்டது, பால் மரத்த (ரப்பர் மரத்த) வெட்டிட்டு செம்பன (எண்ணெய் பனை) போட்டது, தோட்டத்த வித்து லயத்த விட்டு வெளியாக்குனது, ஒவ்வொண்ணும் ஒரு ஆணி மாதிரி, அதுல மாட்டி மாட்டி வருஷத்த கண்டுபிடிக்கலாம்.

இப்ப விசுவாச வாழ்க்கை. பேப்டிஸ்ட் குடும்பங்களுக்கு இதுல ஒரு விசேஷம் இருக்கு. நம்ம சபையில கொழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, ஜெபிச்சி கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கற பிரதிஷ்டை மட்டும்தான், புத்தி தெரிஞ்சி தானே அறிக்கை பண்ணி முழுக்கு எடுக்கணும். நம்ம நாட்டுல பேப்டிஸ்ட் ஊழியம் பெரும்பாலும் சீனர் நடுவுலதான் வளந்திச்சி, 1949க்கு அப்பறம் சீனாவுல இருக்க முடியாம போன மிஷனரிங்க சில பேரு இந்த பக்கம் வந்தாங்க, பினாங்குல இறையியல் கல்லூரி ஆரம்பிச்சதும் 1950கள்லதான். அதனால 1940க்கு முன்னாடி தோட்டத்துல பொறந்த ஒரு தமிழ் பாட்டி பொறந்ததுல இருந்தே பேப்டிஸ்டா இருந்திருக்கறது ரொம்ப அபூர்வம். லுத்தரனா, மெத்தடிஸ்டா, கத்தோலிக்கா, இல்ல முனியாண்டி கோயிலுக்கு போன வீடா, எங்க இருந்து வந்தாங்கன்னு கேளுங்க. "பக்தியுள்ள கிறிஸ்தவ குடும்பத்தில் பிறந்து"ன்னு கண்ண மூடிட்டு எழுதிடாதீங்க, அந்த வரிய எத்தனையோ புரோகிராம்ல பாத்துட்டேன், பாதி எடத்துல அது உண்மை இல்ல. அவங்க வந்த வழியே பெரிய சாட்சி, அத மறைக்கறது அவங்களுக்கு மரியாதை இல்ல.

எங்க பாட்டிக்கு ரெண்டு ஞானஸ்நானம். லுத்தரன் வீட்டுல கைக்கொழந்தையா இருந்தப்ப தெளிச்சது ஒண்ணு, நாலு பிள்ள பெத்ததுக்கு அப்பறம் தெலுக் பாத்திக் கடல்ல முழுக்கு ஒண்ணு. அப்ப எங்க சபைக்கு தொட்டி இல்ல, லாரி பிடிச்சி லூமுட் போயிருக்காங்க. தண்ணிக்குள்ள எறங்குனதும் வெள்ள கவுனு குடை மாதிரி மேல எழும்பிடுச்சாம், பாட்டிக்கு வெக்கம் தாங்கல, கரையில ஆம்பளைங்க எல்லாம் நிக்கிறாங்க. வீட்டுக்கு வந்து அந்த கவுனு கீழ் மடிப்ப பிரிச்சி பழைய அஞ்சு காசு நாணயங்கள விரலளவு எடவெளி விட்டு வரிசையா வெச்சி, ஒவ்வொரு காசுக்கும் ரெண்டு பக்கம் தையல் போட்டு திரும்ப மடிச்சி தச்சாங்க. அதுக்கப்பறம் சபையில முழுக்கு எடுத்த அத்தன பொம்பளைங்களும் பாட்டி தச்ச கவுனுதான் போட்டாங்க, நானும் போட்டேன். நடக்கறப்ப கணுக்கால்ல காசு ஜில்லுனு படும். வாழ்க்கை குறிப்புல "ஞானஸ்நானம் பெற்று சபையில் உண்மையாய் ஊழியம் செய்தார்"ங்கற ஒரு வரிக்கு பின்னாடி இவ்ளோ இருக்கு, பாத்துக்குங்க.

சபையில என்ன செஞ்சாங்கன்னு தெரிஞ்சிக்க பாஸ்டர மட்டும் கேக்காதீங்க. பாஸ்டருங்க மாறிக்கிட்டே இருப்பாங்க, இப்ப இருக்கறவருக்கு வீல் சேர்ல வந்த பாட்டிய மட்டும்தான் தெரியும். பெண்கள் ஐக்கியத்துல கூட இருந்த ஆன்ட்டிங்கள கேளுங்க, சண்டே ஸ்கூல்ல படிச்சவங்கள கேளுங்க, முக்கியமா சபை மினிட்ஸ் புக்க (கூட்டத்துல நடந்தத எழுதி வெக்கிற புக்க) பாக்கணும்னு சபை காரியத்த கவனிக்கற டீக்கன்கிட்ட அனுமதி கேளுங்க. பேப்டிஸ்ட் சபையில அங்கத்தினர் கூட்டம்தான் முடிவு எடுக்கும், ஆளுக்கு ஒரு ஓட்டு, பெருசு சின்னது கெடையாது, அதனால யாரு என்ன சொன்னாங்கன்னு எழுதி வெச்சிருப்பாங்க. நாலாவது வரைக்கும் தோட்டத்து பள்ளிக்கூடத்துல படிச்ச எங்க பாட்டி ஒரு கூட்டத்துல எழுந்து, பொம்பளைங்களுக்கு கக்கூஸ் சரி பண்ணாம ஸ்பீக்கர் செட்டு வாங்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, மினிட்ஸ்ல ரெண்டே வரி, அதுக்கு கீழ "ஏற்றுக்கொள்ளப்பட்டது". படிச்சப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துடுச்சி. சனிக்கெழம ராத்திரி திருவிருந்து கிண்ணத்த கழுவி கவுத்து வெச்சது, தோசக்கல்லுல புளிக்காத அப்பம் சுட்டது, இதெல்லாம் எந்த புக்குலயும் இருக்காது, கூட நின்னு கழுவுனவங்களுக்குத்தான் தெரியும்.

வெளி ஆளுங்களையும் கேளுங்க. பக்கத்து வீட்டு இந்து ஆன்ட்டி ஒருத்தவங்க சொன்னது, தீபாவளிக்கு சாமிக்கு படைக்கறதுக்கு முன்னாடியே ஒரு டப்பா முறுக்கு அதிரசம் தனியா எடுத்து வெச்சிடுவாங்களாம், "உங்க பாட்டி படைச்சத சாப்புட மாட்டாங்க, அதுக்காக நான் கொடுக்காம இருப்பேனா"ன்னு. கிறிஸ்மஸுக்கு பாட்டி அவங்க வீட்டுக்கு மாட்டெறச்சி படாத புது சட்டியில தனியா சமைச்சி அனுப்புவாங்களாம். முப்பது வருஷம்.

கஷ்டமான விஷயங்கள என்ன பண்றது? எல்லா குடும்பத்துலயும் இருக்கும். எங்க சின்ன அத்தை இந்து மாப்பிள்ளைய கட்டிக்கிட்டப்ப பாட்டி மூணு வருஷம் பேசல. அப்பறம் அத்தைக்கு பிள்ள பொறந்த சேதி கேட்டு, யாருகிட்டயும் சொல்லாம பூண்டு, மிளகு, சுக்கு எல்லாம் அரைச்சி பிள்ளப்பேறு மருந்து கிண்டி தூக்குல ஊத்தி ரெண்டு பஸ் மாறி போய் நின்னாங்க. இத நான் எழுதணும்னு ஆசப்பட்டேன், ஆனா அது சின்ன அத்தையோட கதையும்தானே, அதனால அவங்க ஒருத்தவங்ககிட்ட மட்டும் மொதல்ல படிச்சி காட்டுனேன். அழுதுட்டு, "மூணு வருஷத்தையும் எழுது, இல்லன்னா தூக்கு எடுத்துட்டு வந்தது என்னான்னு யாருக்கும் புரியாது"ன்னாங்க. இதுதான் நான் கடைபிடிக்கற வழி, கஷ்டம் யாரு மேல பட்டதோ அவங்க சம்மதிச்சா எழுதுவேன், இல்லன்னா விட்டுடுவேன். ஆனா பொய்யா மாத்தி எழுத மாட்டேன். சபைக்கு வராத பிள்ள, குடிச்ச புருஷன், சொத்து சண்ட, அடக்க வீட்டுல போட்டு ஒடைக்கறதுக்கு குறிப்பு எழுதல.

எழுதறப்ப பேச்சு தமிழ்லயே எழுதலாமான்னு கேப்பாங்க. ஆராதனையில படிக்கறதுக்கு கொஞ்சம் நிமிந்த தமிழ்தான் வழக்கம், ஆனா பாட்டி சொன்ன வார்த்தைய மட்டும் அவங்க சொன்ன மாதிரியே வைங்க. "பொழுது விடியறதுக்குள்ள கர்த்தர்கிட்ட பேசிடணும், அப்பறம் தொர பேச்ச கேக்க வேண்டி வந்துடும்"னு பாட்டி சொல்லுவாங்க, அத திருத்தி எழுதினா செத்து போயிடும். தோட்டத்து வார்த்தைங்களையும் விடாதீங்க, பெரட்டு, லயம், மங்கு (பால் வடியற கிண்ணம்), ஓட்டுப்பால் (காஞ்சி ஒட்டியிருக்கற பால்), காண்டா (பால் வாளி தூக்கற காவடி கம்பு). கேஎல்ல (கோலாலம்பூர்ல) பொறந்த பேரப்பிள்ளைக்கு தெரியாதுன்னா ஒரு சின்ன வாக்கியத்துல சொல்லிடுங்க. படிக்கறதுக்கு அஞ்சி நிமிஷம், ஏ4ல ரெண்டு பக்கம், எழுத்து 14 சைஸ், வரிக்கு நடுவுல எடம் விட்டு அடிங்க, படிக்கறவரு அழுதுக்கிட்டே படிப்பாரு, கண்ணு தெரியாது. பேரப்பிள்ளைங்க பேரு பட்டியல படிக்காதீங்க, அத புரோகிராம் பின்பக்கம் போட்டுடுங்க, ஆனா எழுத்துப்பிழை இருக்கான்னு ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பி கேட்டுடுங்க. ஒரு பேரு விட்டு போனா பத்து வருஷம் பேச்சு நிக்காது.

தவறுனதுக்கு அப்பறம்தான் எழுதறீங்கன்னா, ரெண்டு நாளுதான் கையில இருக்கும், அதுல எல்லாத்தையும் பண்ண முடியாது. மூத்த ஆளு ஒருத்தவங்க, தோட்டத்துல கூட வேல செஞ்சவங்க ஒருத்தவங்க, சபையில ஒருத்தவங்க, இந்த மூணு பேருக்கு மட்டும் போன் போடுங்க. மொத நாள் ராத்திரி ஆராதனைக்கு வர்றவங்க முக்கால்வாசி பழைய ஆளுங்க, கூடாரத்துக்கு அடியில கோப்பி குடிச்சிட்டு உக்காந்திருப்பாங்க, நீங்க நாற்காலிய இழுத்து போட்டு பக்கத்துல உக்காந்தா போதும், அவங்களே ஆரம்பிச்சிடுவாங்க.

இன்னொண்ணு, புரோகிராம்ல கடைசி பக்கத்த காலியா விடுங்க. மேல "அம்மாவைப் பற்றி உங்களுக்கு ஞாபகம் இருப்பதை இங்கே எழுதுங்கள்"னு ஒரு வரி மட்டும். சாப்பாட்டு மேசைக்கு பக்கத்துல ஒரு சின்ன மேசை போட்டு பத்து புரோகிராம் வைங்க, எழுத படிக்க தெரியாத ஆயாங்களுக்கு எழுதி கொடுக்க ஒரு பேத்திய உக்கார வைங்க, பேனாவ நூல்ல கட்டி மேசை காலோட சேத்து முடிஞ்சிடுங்க.